விலாசக் கட்டம்

கர்ணன் இரண்டாவது முறையாகவும் ஒரு தாளோடு கோம்பைக்கு வந்து நின்றபோது, முத்துலட்சுமிக்குக் கோபம் வரவில்லை; குழப்பம்தான் வந்தது. மூன்று மாதமாகப் பிறந்த வீட்டில் இருக்கும் மனைவியைப் பார்க்க வருகிறவன், படிவம் இல்லாமல் ஒருநாள் வரக்கூடாதா?

போன வாரம் வந்தபோது, போடியில் ஏலக்காய் ஏற்றுமதிக்கு ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கப்போவதாகச் சொன்னான். அதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டுமாம். இரண்டாவது ஆளாக அவள் பெயரைக் கொடுத்திருந்தான். அவள் பதில் சொல்வதற்குள் அப்பா ராக்கப்பன் தாளை வாங்கிக்கொண்டார். ரேஷன் கார்டோ பாங்கு படிவமோ, அந்த வீட்டுப் பெண்களுக்கு எழுதித் தருவது அவர்தான். தகப்பனார் பெயர், கோம்பை விலாசம், தொழில் இல்லத்தரசி என்று எல்லாக் கட்டத்தையும் முத்து முத்தாக நிரப்பிவிட்டுப் பேனாவை நீட்டினார். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள்.

தேனி ஆடிட்டர் ஜெபமணி அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துவிட்டாராம். சேருகிறவர்கள் தங்கள் விவரத்தைத் தங்கள் கையாலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனிகளைப் பதிவு செய்யும் சென்னை ஆபீஸில் திருப்பிவிடுவார்கள். கம்பெனிக்கென்று அங்கே ஒதுக்கிக் கொடுத்த பெயரும் வெள்ளிக்கிழமையோடு காலாவதியாகிவிடும். இன்று புதன்.

அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். காபி கொடுத்த அம்மா சோணையம்மாள் அடுப்படிக்குள் போனாள். பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

முத்துலட்சுமி பெயரை எழுதினாள். கணவர் பெயரையும் எழுதினாள். விலாசக் கட்டத்தில் பேனா நின்றது. கோம்பையா, அவன் வீடு இருக்கும் போடியா? கோம்பை என்று எழுதினால் இங்கேயே இருந்துவிடுவதாக ஆகிவிடுமோ? போடி என்று எழுதினால், யாரும் கூப்பிடாமலே தானாகப் போய் நின்ற மாதிரி ஆகிவிடுமோ?

அவன் எஸ்டேட் ஆபீஸ் வேலையை விட்ட சங்கதியை, தெருவில் காய் விற்கிறவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அன்றைக்குக் கிளம்பி வந்தவள்தான்.

"ரெண்டாவது ஆளுன்னா ஒங்க தம்பி இருக்காகள்ல? என்னைய எதுக்குப் போட்டீக?"

"ஆடிட்டரும் அதத்தான் கேட்டாக." கர்ணன் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான். "ஒங்கிட்டக் கேக்காம வேலைய விட்டதுதான ஒனக்குக் கோவம். இதுல ஒன் கையெழுத்து இல்லாம ஒரு செக்கு கூடக் கிழிக்க முடியாது. நான்தான் அப்பிடி எழுதச் சொன்னேன்."

அவளுக்கு இன்னும் குழம்பியது. இது மன்னிப்பா, வியாபாரமா?

"இப்ப என்னையக் கூப்பிட வந்தீகளா, கையெழுத்து வாங்க வந்தீகளா?"

"ரெண்டுக்கும்தான். எத மொதல்ல சொல்றதுன்னு தெரியல. போன வாரமும் தெரியல. மாமா வேற பேனாவ எடுத்துட்டாக."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, விலாசத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போனாள். தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று எழுதினாள். அவன் எட்டிப் பார்த்தான்.

பிறகு விட்ட கட்டத்துக்குத் திரும்பி வந்தாள்.

"கதவு நம்பர் என்ன?"

"எந்தக் கதவு?"

"நம்ம வீட்டுக் கதவு."

அவன் காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டான். சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, நெற்றியைத் தேய்த்தான்.

"பழைய நம்பரா, புது நம்பரா?"

"ரெண்டையும் சொல்லுங்க," என்றாள்.