மரியாதைக்கு ஒரு வகரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் நான்கு பேர்: நான், என் தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய ஒரே மகள். அவர்கள் பக்கம் ஆறு பேர்: கல்லூரியில் லத்தீன் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், அவருடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக்கான அவர்கள் மகன், டீச்சரின் தம்பியான டாக்ஸி டிரைவர், டிரைவரின் மனைவி, டீச்சருடைய கணவரின் அக்கா. இந்த அக்காவை அவர்கள் வீட்டிலேயே ‘வெடி’ என்றுதான் அழைக்கிறார்கள். சிரிப்பு அப்படி. ஆக மொத்தம் பத்துப் பேர். பதினோராவது ஆள் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்கிறவர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நான் அச்சகத்தில் நாற்பத்தோரு வருடம் புரூஃப் பார்த்தவன். என் கையெழுத்து விழுந்த பக்கத்தில் பிழை கண்டுபிடித்தவர் கிடையாது. இரண்டு பேர் முயன்றார்கள். இருவருமே அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே போனார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரார் பிழையைத் திருத்தவே நேரம் சரியாக இருந்தது. தம்பி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அவன் மகளுக்கு ஐந்தாவது மாடியில் உள்ள ஒரு லேபில் பல் செட் செய்யும் வேலை. அந்தக் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும். அதைச் சரிசெய்ய வந்த பையன்தான் மாப்பிள்ளை.

“மாசத்துக்கு நாலு தடவை லிஃப்ட் ரிப்பேர் ஆனப்பவே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு” என்றான் தம்பி.

“அது நிஜமாவே ரிப்பேர்தான்ப்பா.”

“மூணு தடவை நிஜம். நாலாவது?”

பெண் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

முதல் தடவை டீச்சரும் மகனும் மட்டும் வந்தார்கள். பேச்சுவாக்கில், இலக்கணம் எங்கள் குடும்பச் சொத்து என்று சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

“அப்படியா சார்? லத்தீன்ல ஒரு வினைக்கு ஆறு காலம்” என்றார் டீச்சர்.

“ஆறா? எங்களுக்கு மூணு காலத்தை ஓட்டறதுக்குள்ளயே மூச்சு முட்டுது.”

“எனக்குத் தெரிஞ்ச காலம் ரெண்டுதான் டீச்சர்” என்றான் தம்பி. “வண்டி வந்தாச்சு. வண்டி வரல.”

டீச்சர் சிரித்துக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அட்டவணைகள். “சும்மா புரட்டிப் பாருங்க சார். ஆனா கொஞ்சம் கஷ்டம். என் ஸ்டூடண்ட்ஸே திணறுவாங்க.”

அந்த ‘ஆனா’ எனக்குத் தைத்தது. பெண் வீட்டுப் பெரியவரால் ஒரு வினைச்சொல்லைச் சமாளிக்க முடியாது என்ற எண்ணம் சம்பந்தி வீட்டில் விழுந்துவிட்டால் அது குடும்பத்துக்கு அழகல்ல. இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து கல்யாணத் தேதி குறிப்பது பதிமூன்றாம் தேதி, சனிக்கிழமை என்று பையனும் பெண்ணும் வழியாக முடிவாகியிருந்தது. நடுவில் நான்கு வாரம். அதற்குள் படித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

லத்தீன் ஒழுங்கான மொழி. யார் செய்தது என்பதை நம்மைப் போலவே வினையின் வாலில் கட்டிவிடுகிறார்கள். அமோ என்றால் நேசிக்கிறேன். அமாஸ், நேசிக்கிறாய். அமாட், நேசிக்கிறான். ‘நான்’, ‘நீ’ என்று தனியாகத் தண்டோரா போட வேண்டியதில்லை. வினைகளை நான்கு குடும்பங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்; குடும்பத்துக்குக் குடும்பம் நடை வேறு. மூன்றாம் நாளே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குளியலறையில் முதல் குடும்பம், மாடிப்படியில் இரண்டாம் குடும்பம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

“உங்க பெரியப்பா குளிக்கும்போது அமாஸ் அமாஸ்னு கத்தறாரே, இன்னிக்கு என்ன அமாவாசையா?” என்று தம்பி மனைவி மகளிடம் கேட்டாள். அவள் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. இருபத்தெட்டு வருடமாக மகள் வழியாகவோ சுவர் வழியாகவோதான். அது எங்கள் வீட்டு மரியாதை.

சாப்பாட்டு மேசையில், ‘சும்’ என்றால் ‘இருக்கிறேன்’ என்று சொன்னேன்.

“அப்ப சும்மா இருக்கேன்னு சொன்னா பாதி லத்தீன்” என்றான் தம்பி. “எங்க டிப்போல எல்லாருமே பண்டிதர்தான் அண்ணே.”

எந்தக் குடும்பத்துக்கும் அடங்காத வினைகள் சில உண்டு, அவற்றின் பொருள் இருப்பது, போவது, சுமப்பது, விரும்புவது என்று விளக்கினேன். தம்பி மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “இருக்கறது, போறது, சுமக்கறது, ஆசைப்படறது. எந்த ஊர்லயும் பொம்பளைங்க பண்ற வேலை மட்டும் ஒரு விதிக்குள்ள அடங்காது போல.”

இரண்டாம் வாரம் வீடே லத்தீனுக்கு மாறியது. குளியலறைக் கதவைத் தட்டி “எஸ்?” என்று கேட்க வேண்டும். இருக்கிறாயா என்று பொருள். உள்ளே இருப்பவர் “சும்!” என்பார். ஒருநாள் நான் தட்டினேன். “சும்!” என்று தம்பி மனைவியின் குரல் வந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் சொல். உடனே உள்ளே வாளி உருண்ட சத்தம் கேட்டது. நான் மாடிக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் வாரக் கடைசியில் டீச்சருக்கு ஒரு கார்டு எழுத உட்கார்ந்தேன். ‘உங்களுக்காகக் காத்திருப்போம்.’ அவ்வளவுதான் விஷயம். காத்திருப்பதற்கு எக்ஸ்பெக்டோ என்ற வினை. எதிர்காலத்தைத் தேடினேன். ஒரு பத்தியில் பகரம்: எக்ஸ்பெக்டாபிமுஸ். தள்ளி இன்னொரு பத்தியில் வகரம்: எக்ஸ்பெக்டாவிமுஸ். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் எதிர்காலத்துக்கும் இந்த இரண்டு எழுத்துதானே? படிப்போம், பகரம். செய்வோம், வகரம். எத்தனை கடல் தாண்டினாலும் இலக்கணம் இலக்கணம்தான்!

இரண்டில் எதை எழுதுவது? பகரம் வல்லினம். சம்பந்தி வீட்டுக்கு எழுதும் கார்டில் அது தடித்துத் தெரியும். வகரம் இடையினம், மெத்தென்று இருக்கும். போதாததற்கு வகரப் பத்தியின் தலைப்பு ‘பெர்ஃபெக்டும்’. பெர்ஃபெக்ட் என்றால் குறையற்றது என்பது குழந்தைக்கும் தெரியும். பக்கத்திலேயே ‘இம்பெர்ஃபெக்டும்’ என்று ஒரு பத்தி இருந்தது. குறையுள்ளதை நான் ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்?

இன்னொரு சிக்கலும் இருந்தது. லத்தீனில் மரியாதை கிடையாது. ஒருவர் என்றால் ‘நீ’தான், அவர் எவ்வளவு பெரியவரானாலும் சரி. சம்பந்தியம்மாளை நீ என்பதா? பலரை அழைக்கும் ‘வோஸ்’ என்ற சொல்லைப் போட்டேன்.

எக்ஸ்பெக்டாவிமுஸ் வோஸ்.

நான்கு முறை சரிபார்த்து, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். ஆறாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மூன்று தெரு தள்ளியிருக்கும் அவர்கள் வீட்டுத் தபால் பெட்டியில் நானே போட்டுவிட்டு வந்தேன். அழைப்பு மணியை அடிக்கவில்லை. குறித்த நாளுக்கு முன்னால் படியேறுவது முறையல்ல.

மறுநாள் காலை எட்டு மணி. அடுத்த வாரத்துக்காக வீடு கழுவிக்கொண்டிருந்தோம். நாற்காலிகளெல்லாம் மேசை மேல் கவிழ்ந்து கிடந்தன. தரை முழுவதும் சோப்பு நுரை. தம்பி மீசைக்கு மை தீட்டிக்கொண்டிருந்தான்; இடது பக்கம் முடிந்திருந்தது, வலது பக்கம் இன்னும் நரைத்திருந்தது. நான் ஏணி மேல் நின்று திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. அதற்குள்ளிருந்து ஆறு பேர் இறங்கினார்கள்.

“சார், மன்னிக்கணும்!” டீச்சர் வாசலிலிருந்தே கைகூப்பினார். “நேத்து எங்களுக்காகக் காத்திருந்திருக்கீங்க. நாங்க வராம விட்டுட்டோம். உங்க கார்டை இப்பதான் பார்த்தேன். பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.”

டாக்ஸி டிரைவருக்குக் கால் ஓடியது. நுரையில் வைத்துவிட்டார். அவர் மனைவியின் தோளைப் பிடித்தார், மனைவி டீச்சரின் கணவரைப் பிடித்தார், மூவரும் ஒரே வரிசையாகக் கூடத்தின் மறுகோடி வரை வழுக்கிப் போய்ச் சுவரில் முட்டி நின்றார்கள். வெடி சிரித்தார். ஏணி அதிர்ந்தது.

“அம்மா, தேதி பதிமூணுதான்மா” என்றான் பையன். “அடுத்த சனிக்கிழமை. போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்.”

“செஞ்ச தப்புக்குப் போன்ல மன்னிப்புக் கேக்கற குடும்பமா நம்மது? நாப்பத்தோரு வருஷம் புரூஃப் பார்த்தவர் கைப்பட எழுதியிருக்கார். அவர் எழுத்துல தப்பு வருமா? நீதான் தேதியை மாத்திச் சொல்லியிருக்கே.”

“ஆமா” என்றார் அவர் கணவர். அவருக்கு வேறு சொல் உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பெண் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். “நேத்து சாயங்காலம் பெரியப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார்” என்றாள் மெதுவாக. “எதுக்குன்னு நான் கேக்கல. பாவம், யார்கிட்டயும் சொல்லாம தனியாவே காத்திருந்திருக்கார்.” பையனைப் பார்த்தாள். “நீதானே எங்கிட்ட பதிமூணுன்னு சொன்னே?”

“நீயும்தான் பதிமூணுன்னு சொன்னே!”

“எங்க பெரியப்பா தப்பா எழுத மாட்டார்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“எழுத்துல இருக்கே.”

“ஒரு கார்டை நம்புவே, என்னை நம்ப மாட்டே. அப்படித்தானே?”

நான் ஏணியை விட்டு இறங்கி, யாரிடமும் எதுவும் சொல்லாமல் என் அறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. பெர்ஃபெக்டும்: செய்து முடிந்தது, இறந்தகாலம்.

குறையற்றது அல்ல. முடிந்துபோனது. காத்திருப்போம் என்று நான் எழுதவில்லை. காத்திருந்தோம் என்று எழுதி, அதை அவர்கள் வீட்டுப் பெட்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன்.

தம்பி பின்னாலேயே வந்தான். காட்டினேன். பாதி மீசை துடித்தது.

“இது வேற யாருக்கும் தெரியாதுல்ல?” என்றான் தணிந்த குரலில். “பேசாம இருங்க அண்ணே. தப்பு எங்களுதுன்னு அவங்களே சொல்றாங்க. மாப்பிள்ளை வீடே வந்து கைகூப்பி நிக்குது. எந்தப் பெண் வீட்டுக்குக் கிடைக்கும் இது? வலிய வர்ற சீதேவியை எட்டி உதைக்காதீங்க.”

உண்மையைச் சொல்வதானால், ஒரு நிமிடம் நின்றேன். அதற்குள் கூடத்திலிருந்து பெண்ணின் குரல் கேட்டது.

“ஒரு தேதிக்கே இப்படின்னா, இது சரிப்பட்டு வராது.”

“சரிப்பட்டு வராதுன்னா விட்டுடுவோம்” என்றான் பையன்.

என் பெயர் பிழையில்லாமல் நிற்க வேண்டுமென்றால் அந்த இரண்டு பேரில் ஒருவர் பொய்யராக வேண்டும். பிழை இருப்பது தெரிந்தும் ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவதைவிடக் கேவலம் எங்கள் தொழிலில் கிடையாது. வெளியே வந்தேன்.

“டீச்சர், அந்தக் கார்டைக் கொடுங்க.”

கொடுத்தார். சிவப்புப் பேனாவை எடுத்தேன். எல்லோரும் பார்க்க அந்த வகரத்தின் மேல் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் பகரத்தை எழுதி, சுற்றி வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

“பிழை என்னுடையது. காத்திருப்போம்னு எழுத நினைச்சு காத்திருந்தோம்னு எழுதிட்டேன். நேத்து இங்க யாரும் காத்திருக்கல. தேதி பதிமூணுதான். மாப்பிள்ளை சொன்னது சரி.”

துடைப்பம் கீழே விழுந்தது.

டீச்சர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வி எப்படி சார் வந்துச்சு?”

“நம்ம எதிர்காலத்துல வகரம் உண்டே. செய்வோம், வருவோம்.”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். “இருபது வருஷமா என் ஸ்டூடண்ட்ஸ் இந்த எடத்துல மட்டும் ஏன் வரிசையாத் தப்புப் பண்றாங்கன்னு மண்டைய உடைச்சுக்கறேன் சம்பந்தி! இதுதானா? செய்வோம் வருவோமா?” அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று நுரைக்குள் போனது. “அப்ப வோஸ்? ‘உங்க எல்லாரையும்’னு இருக்கேன்னு இவங்க அத்தனை பேரையும் தூக்கத்துலேர்ந்து எழுப்பி டாக்ஸில திணிச்சுட்டு வந்தேனே!”

“அது மரியாதைக்குப் போட்டது.”

“அப்ப மிச்சம் அஞ்சு பேரும் மரியாதைக்கு வந்தவங்களா?” என்று வெடி வெடித்தார். அதற்குப் பிறகு யார் சிரிக்கிறார்கள், யார் வழுக்குகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சரின் கணவர் மூன்று தடவை “ஆமா” என்றார்.

பெண் பையனின் பக்கம் திரும்பினாள். “ஸாரி.”

“எந்தக் காலத்துல ஸாரி?”

“ஆறுலயும்.”

பிறகு நாற்காலிகளை இறக்க யாருக்கும் பொறுமை இல்லை. கவிழ்த்த வாளிகளிலும் ஏணிப்படிகளிலும் உட்கார்ந்தபடியே கல்யாணத் தேதியைக் குறித்தோம். எழுதியது நான். டீச்சர் வாங்கி ஒருமுறை சரிபார்த்தார். நான் மறுப்புச் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. அந்தக் கார்டை எழுதியது உண்மையில் தம்பிதான், குடும்ப கௌரவத்துக்காகப் பெரியவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார், என்ன பெரிய மனசு என்று இரண்டு மேசைகளில் சொல்லிக்கொண்டார்களாம். அது உண்மையல்ல. கார்டை எழுதியது நான்.