கன்று குடித்த பிறகு

நூன்கிஷுவின் வாசல் மண்ணை எந்த நோயும் அண்டாது. சொறி பிடித்த ஆடு அதில் படுத்துப் புரண்டால் மறுநாள் மினுமினுப்பாக எழுந்தது. கால் ஒடிந்த கழுதைப்புலி ஒன்றுகூட அங்கே வந்து படுத்துத் தேறி, போகும்போது நன்றிகெட்டு ஓர் ஆட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. நூன்கிஷுவின் கன்றுகள்தான் செத்துக்கொண்டிருந்தன. ஈன்ற வாரமே கழிச்சல் கண்டு, தோலும் எலும்புமாகப் போய்ச் சேரும்.

அவள் பக்தியை யாராலும் குறை சொல்ல முடியாது. பசு ஈன்றதும், கன்று எழுந்து நிற்கும் முன்பே, மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலை ஒரு சொட்டு விடாமல் சுரைக்குடுக்கையில் கறந்து, கடவுள் எங்காய்க்கு என்று வாசலில் தெளித்துவிடுவாள். மற்றவர்கள் காலைப் பாலில் நாலு துளி தெளிப்பதோடு சரி. சக்களத்தி சிமலோய் அதையும் பாதி நாள் மறந்துவிடுவாள். வெயில் முதுகைச் சுடும்வரை தூங்குகிற மகராசி. ஆனால் அவள் கன்றுகள் வேலி தாண்டிக் குதித்தன. இதென்ன நியாயம் என்று நூன்கிஷு எங்காயிடம் சண்டை போட்டு அழுதாள். கணவன் லெகிஷோன் சுருக்கமாகச் சொல்லிவிட்டான்: "நாரோக்கோட கன்னும் போச்சுன்னா, அந்த மாட்டையும் சிமலோய்கிட்ட குடுத்துருவேன்." கறுப்புப் பசு நாரோக்தான் அவள் கையில் மிஞ்சியது. கறக்க மாடில்லாத மனைவியை எங்கள் பக்கம் விருந்தாளி மாதிரிதான் நடத்துவார்கள், வீட்டில் எந்த உரிமையும் இருக்காது.

நாரோக் பட்டப்பகலில் ஈன்றாள். நூன்கிஷு குடுக்கையோடு மடியருகே உட்கார்ந்ததும் வாசல் மண் வழக்கம்போல வாயைப் பிளந்தது. கன்று எழப் பார்த்துக் குப்புற விழுந்தது. சிமலோய் கொட்டாவி விட்டபடி வந்தாள்.

"என்னக்கா, பொறந்ததும் பொறக்காததுமா அதைப் பட்டினி போடுறே? நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள என் கன்னு மடியக் காலி பண்ணிரும். அப்புறம் எங்காய்க்கு நான் என்னத்தத் தெளிக்க?"

"சீம்பால் மொத்தத்தையுமா குடிக்குது?"

"மூக்கு முட்டக் குடிக்கும், திருட்டுக் கழுத."

நூன்கிஷு கறக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். கொழுத்துக் கிடந்த மண்ணைப் பார்த்தாள். செத்த கன்றுகள் அத்தனையின் பங்கும் அதன் வயிற்றில்தான் இருந்தது. குடுக்கையை வீசிவிட்டு, கன்றைத் தூக்கி நிறுத்திக் காம்பை அதன் வாயில் திணித்தாள். "வாய மூடு. பெரியவங்க பசி தாங்குவீங்க, பச்சப்புள்ள தாங்குமா?" என்று மண்ணை அதட்டினாள். அது முனகிக்கொண்டே மூடிக்கொண்டது.

அந்த மழைக்காலத்திலும் கழிச்சல் வந்தது. ஒவ்வொரு தொழுவமாக நுழைந்து, கடைசியில் இந்தக் கன்றின் வாய்க்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே, கன்று குடித்த சீம்பாலோடு இறங்கியிருந்த நாரோக் ஏற்கெனவே கொம்பை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கழிச்சல் வந்த வழியே திரும்பி ஓடியதை லெகிஷோனும் பார்த்தான். மாட்டைச் சிமலோய்க்குக் கொடுக்கும் பேச்சை அத்தோடு விட்டுவிட்டான். நூன்கிஷு குதித்துக் குதித்துப் பாடியதில் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் கல்யாணமென்று நினைத்து வந்துவிட்டார்கள்.

இன்று அவள் மந்தை ஓடையில் இறங்கினால் தண்ணீர் கலங்கித் தெளிய மாலையாகிறது. வாசல் மண்ணுக்குத்தான் அவ்வப்போது ஜலதோஷம் பிடிக்கிறது. விடியலில் தும்மிப் புழுதி கிளப்பும். அந்த வழியே போகிறவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொறு, கன்னு குடிச்சு முடிக்கட்டும்" என்று அதனிடம் சொல்லிவிட்டு நடக்கிறார்கள்.