ஐந்தாவது முகடு

...ஆய்வகக் கணினித் திரையில் தெரியும் வரைபடத்தின் ஐந்தாவது முகட்டை எடுத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா, டெலியாவுக்குக் கை ஓடவில்லை, நாலு மணிக்கு மணிலாவில் விமானம் இறங்கிவிடும், கப்பல் வேலைக்குப் போன அர்னெல் பதினோரு மாதம் கழித்து வருகிறான், மனைவிக்காரி இங்கே ஏரி மீனில் கலந்த டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை அளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுவாவது ஒற்றை முகடாக வந்து தொலைக்குமா, திரை முழுக்க ஐம்பது முகடுகள், அத்தனையும் சேர்ந்துதான் அந்த ஒரே எண்ணெய்... பக்கத்து நாற்காலி நெஸ்டர் எட்டிப் பார்த்தான். "உசரமா நிக்கிறத மட்டும் வச்சுக் கணக்குப் போட்டு அனுப்பிடுங்கக்கா. மாமா ஏர்போர்ட்ல பெட்டி மேலயே தூங்கிடப்போறாரு." அது கூடாது என்று அவனுக்கும் தெரியும். மீனின் உடம்பில் கிடக்கக் கிடக்க லேசானவை கரைந்துபோகும், கனமானவை மட்டும் நிமிர்ந்து நிற்கும், அவற்றை மட்டும் நம்பினால் இல்லாததையெல்லாம் இருக்கிறதென்று காட்டும், ஆகவே மீனுக்குள் போகாத அதே எண்ணெயின் மூலக் கரைசலின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, இன்னும் அதே விகிதத்தில் நிற்கிற ஐந்தைப் பொறுக்கி, தனித்தனியாகக் கணக்கிட்டு, சராசரி எடுக்க வேண்டும். ஐந்தாவது மட்டும் மற்ற நான்கைப்போல இரண்டு மடங்கு சொன்னது, அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

போன தடவை வந்த அர்னெலிடம் என்னென்ன மிச்சமிருந்தன? புளிச்சாற்றை உறிஞ்சிக் குடிக்கிற சத்தம் இருந்தது, தூக்கத்தில் இவள் காலைத் தேடுகிற கால் இருந்தது, சவரம் செய்யும்போது அடிக்கிற சீட்டி இல்லை, அந்தச் சீட்டிக்காக எத்தனை மாதம் ஏங்கிக் கிடந்தாள், இந்த முறையாவது அதோடு வந்துவிடமாட்டானா... எண்களை அனுப்பிவிட்டு, மூலக் கரைசல் குப்பியை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தாள். இருட்டில் வைத்தால் வருஷக்கணக்கில் மாறாது. கல்யாணமான புதிதில் இருந்த அர்னெலை இப்படித்தான் மூடி வைத்திருக்கிறோமோ, ஒவ்வொரு முறையும் வந்து இறங்குகிறவனை அவனோடு வைத்துத்தான் பார்க்கிறோமோ, பாவம் அவன்... அப்படியானால் கப்பலில் அவன் எந்த டெலியாவை மூடி வைத்திருப்பான்? போன தடவை சமையலறை வாசலில் நின்று கேட்டானே, "நீ இப்பல்லாம் பாடுறதே இல்லையா, டெலியா?" நேரம் எங்கே இருக்கிறது என்று அரிசி களைந்தபடியே சொன்னாள். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது முன்பு பாடுகிற பாட்டை வாய்க்குள் பாடிப் பார்த்தாள், முதல் வரி வந்தது, இரண்டாவது வரவில்லை, எப்போது நிறுத்தினோம் என்றும் தெரியவில்லை...