பக்கத்துப் படுக்கை

போதகர் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், நான் வேதியியல் படித்தவள். பேச்சுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். பேருந்தில் இறங்கவேண்டிய இடம் வந்தால்கூடச் சத்தம் போட்டுச் சொல்லமாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். ஞாயிறு மாலை சபை மண்டபத்தில் கூட்டம். கடவுள் இல்லை என்பவர்கள் வந்து எதையும் கேட்கலாம். பதில் சொல்ல நான்.

ஒத்திகைக்கு அத்தான் கிடைத்தார். அக்காவின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எங்கள் வீட்டின் ஒரே நாத்திகர்.

"ஊருக்கே பார்வையைச் சரி பண்றேன், இந்த வீட்டுல ஒருத்தருக்கும் பவர் செட் ஆகலையே" என்று சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். "ஆரம்பி, ஊமைக்கோட்டான். உன் கடவுளை யாரு படைச்சது?"

"தொடக்கம் இருக்கிறதுக்குத்தான் அத்தான் அந்தக் கேள்வி. நான் தொடக்கமே இல்லாத ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லைன்னு நீங்க சொன்னா, அதை யாரு படைச்சதுன்னு நானும் கேக்கமாட்டேன்."

"அடேயப்பா, வாயில கொழுக்கட்டை இல்லைபோல. சரி, இதுல நீ பாஸ்."

என் வேலை குடிநீர்ப் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் சுத்தமான நீரை மட்டும் வைத்து அதே மருந்தை ஊற்றுவோம். அதற்குப் பெயர் பிளாங்க். அதுவும் நிறம் மாறினால் மருந்தே கெட்டுவிட்டது. மற்ற குழாய்கள் காட்டுவதையும் நம்பக்கூடாது. என் பதில்களையும் அப்படித்தான் பார்த்தேன். எது நடந்தாலும் சரி என்று சொல்லிவிடும் பதில் எனக்கு வேண்டாம். பதில்களை எழுதிவைத்திருந்த தாளில் பாதி அடிபட்டுப்போயிற்று. மிச்சம் திடமாக இருந்தது.

"என் சாட்சியைச் சொல்லுடி" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல்கொடுத்தாள். மருத்துவர்கள் கைவிட்ட பிறகு ஜெபத்தால் பிழைத்த கதை. ஆண்டுதோறும் சபையில் எழுந்து சொல்வாள். அதைக் கேட்டு அழாதவர்கள் குறைவு.

அத்தான் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில அத்தைக்குப் பக்கத்துப் படுக்கையில ஒரு அம்மா இருந்தாங்களே. அவங்க வீட்டுலயும் ஜெபம் பண்ணாங்கல்ல?"

பண்ணினார்கள், எங்களைவிட அதிகமாக. அந்த அம்மா பிழைக்கவில்லை.

தேவ சித்தம் என்று சொல்லலாம். ஆனால் அம்மா இறந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். தாளில் அம்மாவின் சாட்சியை எழுதியிருந்த வரியையும் அடித்தேன்.

அம்மா ஈரக்கையோடு வந்து தாளை எட்டிப் பார்த்தாள். "எதை அடிச்ச?"

"உன் சாட்சியை."

"அப்போ ஆண்டவர் எனக்கு ஒண்ணும் செய்யலையா?"

"செஞ்சார்மா. தினமும் நன்றி சொல்றேன். நன்றி வேற, நிரூபணம் வேற. மேடையில அதை நிரூபணம்னு வச்சா, அந்த அம்மாவோட பிள்ளைங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"மாப்பிள்ளை, நல்லாப் பயிற்சி குடுத்தீங்க" என்றாள் அம்மா. அதன்பிறகு மறுநாள் மண்டபம் போகும்வரை என்னோடு பேசவில்லை. நான் அவளை எல்லார் முன்னும் பொய்க்காரி ஆக்கிவிடுவேன் என்று பயந்தாள். எனக்கும் அதே பயம்தான்.

மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முதல் கேள்விகள் எளிதாகப் போயின. பிறகு ஒரு கல்லூரி மாணவன் எழுந்தான். "ஜெபத்துல குணமானவங்களை மட்டும் மேடையேத்துறீங்க. குணமாகாதவங்க கணக்குலயே வரமாட்டாங்களா?"

போதகர் முகம் மலர்ந்து அம்மாவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"குணமானதை நான் ஆதாரமா வைக்கல" என்றேன். "ஏன் ஒருத்தர் பிழைச்சு ஒருத்தர் போறாங்கன்னு எனக்குத் தெரியாது. என் ஆதாரம் வேற இடத்துல இருக்கு. இயேசு கல்லறையிலிருந்து எழுந்திருக்கலைன்னா எங்க விசுவாசம் மொத்தமும் வீண். இதை எங்க எதிரிங்க சொல்லல, முதல் சபையே சொல்லிச்சு. எங்க அடிச்சா விழும்னு அதுவே காட்டுது. கல்லறை காலியா இருக்குன்னு முதல்ல சொன்னவங்க பெண்கள். அவங்க பேச்சை அன்னைக்கு யாரும் பெருசா மதிக்கமாட்டாங்க. கதை கட்டுறவன் அவங்களையா முதல் சாட்சியா நிறுத்துவான்? அங்க வந்து மோதுங்க." மூச்சு வாங்கியது. "நான் நம்புற கடவுள் வலியைத் தூரத்துல நின்னு பாக்கல, அவரே பட்டு செத்தார். அது நிரூபணம் இல்ல. ஆனா அதனாலதான் பிழைக்காதவங்க படுக்கைப் பக்கத்துலயும் என்னால முழங்கால் போட முடியுது."

அம்மா எழுந்து நின்றாள்.

"நான் பிழைச்சதை எத்தனையோ தடவ இங்க சொல்லியிருக்கேன்" என்றாள். "பக்கத்துப் படுக்கையில இருந்தவங்களைச் சொன்னதில்ல. எனக்காகவும் அவங்க ஜெபம் பண்ணாங்க. அவங்க போயிட்டாங்க. இனிமே ரெண்டையும் சேத்துத்தான் சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் ஒரே ஆண்டவர்தான்."

உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அப்போது கடைசி வரிசையில் அத்தான் கை தூக்கினார். "அந்தப் பெண்கள் பொய் சொல்லலைன்னே வச்சுக்குவோம். துக்கத்துல ஏமாந்திருக்கலாமில்ல?"

அவர் ஒத்திகையில் கேட்காத கேள்வி. குரலில் கிண்டலும் இல்லை.

ஒலிவாங்கியை அருகே இழுத்துக்கொண்டேன். "இருக்கலாம். வாங்க அத்தான், முன்னாடி வந்து உக்காருங்க. பேசுவோம்."