நாகத்தின் வீட்டுக்கு வந்த எலி

தம்பி அவுங் லினுக்குப் பெண் பார்த்து முடித்தபோது டின் நுவே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கருடனுக்கும் எலிக்கும் பொருத்தம் பார்த்துட்டீங்க, சரி. நாகத்துக்கும் எலிக்கும் எவன் பார்த்தான்?"

கூடியிருந்தவர்களில் யாருக்கும் அது புரியாமல் இல்லை. பர்மாவின் மோல்மேனில் கிழமைக்குரிய எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள்; ஒருவர் பெயரைச் சொன்னாலே பிறந்த கிழமை தெரிந்துவிடும். கிழமை தெரிந்தால் அதற்குரிய மிருகம் தெரிந்துவிடும். மிருகம் தெரிந்துவிட்டால் ஆளைப் பழகிப் பார்க்கும் வேலையே மிச்சம். அவுங் லின் ஞாயிற்றுக்கிழமைக் கருடன், கைப்பிடி இறுகியவன். டின் நுவே சனிக்கிழமை நாகம், வாயைத் திறந்தால் சீறல்தான். பெண் மோ பியூவோ வியாழக்கிழமை எலி, பரம சாது. சனியும் வியாழனும் ஒரு கூரைக்கு ஆகாது என்பதுதான் ஊர் வழக்கு.

"புத்துக்குள்ள எலியைக் கொண்டாந்து விடுறீங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு டின் நுவே வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். அவள் பேச்சை யாரும் கேட்கவில்லை. கல்யாணம் நடந்தது.

வந்தவளும் எலியாகவே இருந்தாள். சந்தை முனையில் மீன்குழம்பு ஊற்றிய அரிசிச் சேமியா விற்கும் டின் நுவேயின் மொய்ங்காக் கடையில் வாழைத்தண்டு நறுக்கினாள், மீன் முள் எடுத்தாள், கிண்ணம் கழுவினாள். அண்டாவுக்குப் பின்னால் நின்று டின் நுவே போடும் சத்தம் படித்துறை வரை கேட்கும். குழம்பு ஆறிப்போச்சென்று முணுமுணுத்தவனுக்கு ஒரு ஏச்சு, மெதுவாக நறுக்கிய மோ பியூவுக்கு இரண்டு. மோ பியூ ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. "ஊமைக்கோட்டான்" என்று அதற்கும் திட்டு விழும். வருஷங்கள் இப்படியே ஓடின.

ஒரு மழைக்காலத்தில் டின் நுவேயின் கழுத்தில் கழலை பெருத்துவிட்டது. அறுவை நல்லபடி முடிந்தது, ஆனால் குரல் வரவில்லை. நரம்பு அடிபட்டிருக்கிறது, தானாகத் திரும்பும், அதுவரை தொண்டையை வருத்தக் கூடாது என்றார் மருத்துவர். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வாழ்நாளெல்லாம் சத்தத்தாலேயே தன்னைக் காத்துக்கொண்டவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"கடையைக் கொஞ்ச நாளைக்கு மூடிடலாம்" என்றான் அவுங் லின்.

"நான் தொறக்குறேன்" என்றாள் மோ பியூ, தரையைப் பார்த்தபடி.

மறுநாள் டின் நுவேயும் எழுந்து கடைக்குப் போய் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். எலி கடையை நடத்தும் லட்சணத்தைப் பார்க்கத்தான் போனாள். குழம்பில் குறை சொல்ல முடியவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

மீன்காரன் சான் லா, நாகத்துக்குப் பல் போய்விட்டதென்று கணக்குப் போட்டான் போல. ஒரு காலையில் அவன் இறக்கிய கூடையில் கெளுத்தி எல்லாம் தொளதொளவென்று கிடந்தது. டின் நுவே எழுந்தாள், வாயைத் திறந்தாள், காற்று வந்தது. சான் லா சிரித்தான்.

"அக்கா உக்காருங்க. உடம்பு கெட்டுடப் போவுது."

மோ பியூ கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினாள்.

"சான் லா, இது செத்து எத்தனை நாளாச்சு? ஏழாம் நாள் காரியமே முடிஞ்சிருக்கும் போலயே" என்றாள். குரல் முதலில் கீச்சென்று வந்தது, பிறகு ஏறியது. "என் வாசல்ல வைக்கறதுக்கு முன்னாடி உன் மூக்கை எங்க அடகு வச்ச? இதைத் தின்னு இங்க ஒருத்தனுக்கு வயித்தால போச்சுன்னா, அவன் துணி பூராவும் உன் பொண்டாட்டி தலையில கொண்டாந்து கொட்டுவேன். எடு கூடையை."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைத் தூக்கியபடி அப்படியே இருந்தார்கள். சான் லா கூடையை எடுத்தான். வெயில் ஏறுவதற்குள் துள்ளும் மீனோடு திரும்பி வந்தான்.

அத்தனையும் டின் நுவேயின் வசவு. ஒரு சொல் கூட மாறவில்லை, இடுப்பில் கை வைத்த விதம் உட்பட. டின் நுவே முக்காலியில் திரும்ப உட்கார்ந்து சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியதென்று அவளுக்கே தெரியவில்லை.

கடை காலியானதும் மோ பியூவின் கையைப் பிடித்து இழுத்து, எங்கே கற்றாய் என்று சைகையால் கேட்டாள்.

"உங்க பக்கத்துலதானே நின்னேன். பயந்தவளுக்குக் காது கூர்மைக்கா." மோ பியூ தயங்கினாள். "எங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரியில படுக்கை இல்லைன்னு தாழ்வாரத்துல போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க வந்து போட்ட சத்தத்துலதான் படுக்கை கிடைச்சுது, அம்மா பொழைச்சாங்க. அன்னைக்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. உங்க வாய் ஓய்ஞ்சு கிடந்தா, நான் சும்மா பார்த்துக்கிட்டிருக்க முடியுமா?"

டின் நுவேக்கு அந்த ஆஸ்பத்திரிச் சண்டை மறந்தே போயிருந்தது. அவள் போட்ட சண்டைகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். அதை ஒருத்தி இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தாள்.

மழை ஓய்ந்த பிறகு குரல் திரும்பியது, கொஞ்சம் கரகரப்பாக. யாரிடமும் சொல்லாமல் டின் நுவே குன்றின் மேலுள்ள பகோடாவுக்கு ஏறினாள். அங்கே அந்தந்தக் கிழமையில் பிறந்தவர்கள் நீர் ஊற்றி வேண்டிக்கொள்ளும் மேடைகளில் நாகத்தின் மேடையும் எலியின் மேடையும் அடுத்தடுத்து இருந்தன. எத்தனையோ முறை வந்தும் அவள் அதைக் கவனித்ததில்லை. எலி மேடையில் இருந்த புத்தர் சிலைக்குக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

பூ விற்கிறவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீங்க சனிக்கிழமைதானே? உங்க மேடை அந்தப் பக்கம்."

"தெரியும். இது எங்க வீட்டுப் பொண்ணுக்கு" என்றாள் டின் நுவே. குரல் திரும்பிய பின் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது.

கால் வலிக்கும் வரை அங்கேயே நின்றுவிட்டு, அண்டாவுக்குப் பின்னால் இப்போது மோ பியூ நிற்கிறாளே, மதிய வியாபாரத்துக்கு வாழைத்தண்டு நறுக்க ஆள் வேண்டுமே என்று படியிறங்கினாள்.