கம்பத்தை விட்டு நகராத கப்பல்

கரையை விட்டுப் பதினெட்டு நாள். இரண்டு நாள் புயலில் கண்ணை மூடாத கணவர், உள்ளே அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். பாய்மரப் படகின் காவல் மனைவியிடம் இருந்தது.

காலை வெயிலில், தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் கடுகளவு தெரிந்தது. அவள் அதைப் படகின் ஓரக் கம்பம் ஒன்றுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். கம்பத்தை விட்டு விலகினால் பயமில்லை. விலகாமலே பெரிதானால் நம்மேல்தான் வருகிறது என்பது கடலோடிகள் கணக்கு. பத்து நிமிடம் கழித்தும் அது இம்மியும் விலகவில்லை. பூசணிக்காய் அளவு ஆகியிருந்தது.

ரேடியோவில் மூன்று முறை கூப்பிட்டாள். பதில் இல்லை. அவரை எழுப்பலாமா? அவர் கண்ணைக் கசக்கி எழுவதற்குள் கதை முடிந்துவிடும். சுக்கானை முழுக்கத் திருப்பினாள். பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, கணவர் அலறியடித்து மேலே ஓடிவந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

அவள் கப்பலைக் கை காட்டினாள். இரும்புச் சுவர்போல் கப்பல் அவர்களைக் கடந்து போனது. அதன் மேல்தளத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

"என்னை ஏன் எழுப்பல?"

"எழுப்பியிருந்தா, எந்தப் பக்கம் திருப்புறதுன்னு சண்டை போட்டே போய்ச் சேர்ந்திருப்போம்."

சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. அவர் சுக்கானை வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அழுகை ஓயும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.