இரண்டு பேருக்கு இடம்

வட ஸ்பெயினின் பெர்மியோ துறைமுகத்தில் முப்பது வருடம் சமையல்காரராக இருந்த கோல்டோ, அடுத்தவர் சமைத்ததை நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. ஓய்வு பெற்றதும் மனைவி கார்பின்யேவோடு பாஸ்க் நாட்டை ஒரு சுற்றுச் சுற்றிவரத் திட்டம் போட்டார். கெதாரியாவில் சுட்ட மீன், அஸ்திகர்ராகாவில் ஆப்பிள் மது, லகுவார்தியாவில் சிவப்பு ஒயின். மூன்று இடத்துக்கும் அவரே போன் செய்து மேசை பிடித்தார். கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுவாரம், பயணம் இல்லை என்று சொல்ல கார்பின்யே ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டாள். முதல் இரண்டு இடங்களில் அவர் இறந்ததை எப்படியோ சொல்லிவிட்டாள். லகுவார்தியாவில் ஒயின் கிடங்கு வைத்திருந்த பெய்யோ, கோல்டோ வீட்டுக்காரி பேசுகிறேன் என்றதுமே சிரித்தார்.

"சொல்லுங்கக்கா! எங்க அந்த வாயாடி? அவங்க ஊர் கடலோர ஒயின்தான் ஒசத்தின்னு போன்லயே சண்டை போட்டாரே, அவர் வாயை அடைக்கன்னே ஒரு பாட்டில் தனியா எடுத்து வச்சிருக்கேன்."



"அவருக்குச் சளி பிடிச்சிருக்குப்பா. இந்தத் தடவை வர முடியாது."

"சளிக்குப் போயா பயப்படுறாரு? சரி, அறுவடை முடிஞ்சு நவம்பர்ல வாங்க. ரெண்டு பேருக்குத்தானே?"

"ஆமாப்பா, ரெண்டு பேருக்குத்தான்."

லகுவார்தியாவில் ஒரு மனிதருக்காவது நவம்பர் வரை கோல்டோ உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தபடி, போனை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.